உறைந்த கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள லிட்டில் இந்தியாவில், ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கும் சிறிய கணக்கு அலுவலகத்தில், ஒரு மேசைக் கணினி பிற்பகல்தோறும் உறைந்துகொண்டிருந்தது. திரை அணையவில்லை. சுட்டியை எப்படி நகர்த்தினாலும் அம்புக்குறி அசையவில்லை. பின்னணியில் ஓடிய பாட்டு மட்டும் ஒரே துணுக்கைத் திரும்பத் திரும்ப ஒலித்தது. வைரஸ்தான் என்று முடிவுகட்டி இருமுறை விண்டோஸை அழித்து நிறுவியும் பயனில்லாமல் போன பிறகே என்னை அழைத்தார்கள்.

அந்தப் பாட்டுத் துணுக்கே முதல் தடயம். அடுத்து ஒலிக்க வேண்டியதைச் செயலி (பிராசஸர்) நினைவகத்தின் ஒரு சிறு பகுதியில் எழுதிவைக்க, ஒலிச் சில்லு அப்பகுதியைச் செயலியின் உதவியின்றித் தானே சுற்றிச் சுற்றிப் படித்துக்கொண்டிருக்கும். செயலி எங்கேனும் சிக்கிக்கொண்டு புதிதாக எதையும் எழுதாவிட்டால், சில்லுக்குக் கிடைப்பது பழைய துணுக்குதான். ஆகவே உறைந்த கணினி முழுவதுமாக நின்றுவிடவில்லை. வட்டிலிருந்தோ வரைகலை அட்டையிலிருந்தோ வர வேண்டிய பதிலுக்காக அது காத்திருக்கலாம், அல்லது சிதைந்த தரவைப் பெற்று மீளமுடியாத சுழலில் அகப்பட்டிருக்கலாம். இவற்றுள் எது நேர்ந்தது என்பதை உறையும் விதமே ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும்.

விசைப்பலகையின் கேப்ஸ் லாக் விளக்கை எடுத்துக்கொள்வோம். விசையை அழுத்தியதும் அவ்விளக்கை எரியச் சொல்வது பெரும்பாலும் விசைப்பலகை அன்று, இயங்குதளம். திரை உறைந்தபின்னும் விளக்கு மாறி மாறி எரிந்தால், உள்ளே இயங்குதளம் உயிரோடு இருக்கிறது என்று கொண்டு வரைகலை அட்டையையோ வட்டையோ சந்தேகிக்கலாம். அம்புக்குறி அசைகிறது, ஆனால் எந்தக் கோப்பும் திறக்கவில்லை, சிறிது நேரம் கழித்து எல்லாம் தானே சரியாகிறது என்றால் சந்தேகம் ஹார்ட் டிஸ்க்கின் மேல் விழும். பழுதான ஓர் இடத்தைப் படிக்க முடியாத வட்டு விடாமல் முயன்றுகொண்டிருக்க, இயங்குதளம் பொறுமையாகக் காத்திருக்கும். லினக்ஸ் என்னும் இயங்குதளம் வட்டுக்கு அனுப்பும் ஒரு கட்டளைக்கு இயல்பாக 30 வினாடிகள் வரை பொறுக்கும். வட்டு தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவில், பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அன்றே தரவைப் படியெடுத்துவிட வேண்டும். பரிமாற்றப் பிழைகள் மட்டும் ஏறினால், பெரும்பாலும் குற்றவாளி வட்டு அன்று, அதனை இணைக்கும் மலிவான கேபிள்.

எங்கள் கணினியில் விளக்கும் மாறவில்லை. அப்படியானால் நினைவகம், தாய்ப்பலகை, மின்சாரம் ஆகியவற்றில்தான் தேட வேண்டும். ரேம் எனப்படும் நினைவகத்தின் ஒவ்வொரு பிட்டும் (0 அல்லது 1) நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் தேங்கிய மின்னூட்டமாகவே இருக்கிறது; அது கசிந்துகொண்டே இருப்பதால் பொதுவாக 64 மில்லி வினாடிகளுக்குள் ஒருமுறை முழு நினைவகமும் புதுப்பிக்கப்பட வேண்டும். ஓர் இடம் பலவீனப்பட்டு ஒரேயொரு பிட் மாறினாலும், அது நிரலின் ஆணையொன்றில் அமைந்திருந்தால் கணினி தடம் புரளும். நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓரிரவு முழுக்க ஓடவிட்டேன், பிழை ஒன்றுமில்லை. ரேம் பட்டையின் தொடுமுனைகளைப் பள்ளிக்கூட அழிப்பானால் தேய்க்கும் வழக்கம் இங்குள்ள பழுதுபார்ப்போரிடம் உண்டு. அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைப்பதே நல்லது.

செயலியை நான் கடைசியில்தான் சந்தேகிப்பேன். இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972இல் தொடங்கியது இதே தீவில்தான். சில்லுகளைப் பொதிந்து சோதித்து அனுப்பும் வேலை இங்கே பலருடைய குடும்பத்துச் சோறு. அத்தனை சோதனைகளைக் கடந்து வரும் செயலி, வெப்பம் ஏறத்தாழ 100 பாகை செல்சியஸை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மேலும் ஏறினால் கணினியை அணைத்துவிடும், பெரும்பாலும் உறையாது.

மிஞ்சியது பவர் சப்ளை. அது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. அந்த நேர்மின்சாரத்தில் எஞ்சும் சிற்றலைகளைச் சமப்படுத்துவன அதிலுள்ள மின்தேக்கிகள். அவற்றுள்ளே இருக்கும் திரவம் வெப்பத்தில் மெல்ல உலர்ந்துபோகும். 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. உலர உலரச் சிற்றலை பெருகும். 12 வோல்ட் தடத்தில் அது 120 மில்லி வோல்ட்டைத் தாண்டலாகாது என்பது மேசைக் கணினிகளின் பவர் சப்ளைக்கான ஏடிஎக்ஸ் தர விதி. இங்கேதான் மல்டிமீட்டர் நம்மை ஏமாற்றுகிறது: அது சராசரியையே காட்டும் என்பதால், உள்ளே அலை கொந்தளித்தாலும் 12.0 என்றே சொல்லும். எனக்கும் அப்படித்தான் சொன்னது.

நல்ல நிலையிலுள்ள வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்ப்பதே எளிய சோதனை. வேறெதையும் அதே நேரத்தில் மாற்றக்கூடாது, மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. மாட்டினோம், இரண்டு வாரங்கள் ஒருமுறைகூட உறையவில்லை. பழையதன் விசிறிக் கம்பிவலையில் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரு மின்தேக்கியின் தலை உப்பியிருந்தது தெரிந்தது. வலை முழுக்கப் பிசுபிசுப்பான கரும்படலம்; கணினிக்குப் பக்கத்திலேயே சாமி மேடை, காலை மாலை சாம்பிராணிப் புகை. அப்படலம் காற்றோட்டத்தை அடைத்திருந்ததால், அறை 32 பாகையைத் தொடும் பிற்பகலில், வேலையும் மிகும் நேரத்தில், பலவீனம் வெளிப்பட்டிருக்கிறது.

பழைய பவர் சப்ளையின் பெட்டியை நான் திறக்கவில்லை. சுவரிலிருந்து கழற்றிய பிறகும் முதன்மை மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். அதை அப்படியே மின்கழிவுச் சேகரிப்புக்குக் கொடுத்தோம். கணினி இப்போது சாமி மேடைக்கு எதிர்மூலையில் இருக்கிறது.