புரோக்கன் டூத்தின் வேகக் கணக்கு

"வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கில் ஹன்டர் எடுத்திருக்கிறேன். பூனை இனத்தில் எதைப் பிடித்தாலும் டேமேஜ் ஒன்றுதான் என்கிறார்கள். அப்படியென்றால் புரோக்கன் டூத்துக்கு மட்டும் ஏன் இத்தனை போட்டி?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இது இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் கற்பனை உலக விளையாட்டு. ஹன்டர் என்பது விலங்கைப் பழக்கிச் சண்டைக்குக் கூட்டிப்போகும் வேட்டைக்காரப் பாத்திரம், டேமேஜ் என்பது எதிரிக்கு உண்டாக்கும் சேதம், புரோக்கன் டூத் அப்படிப் பிடிக்கக்கூடிய ஒரு பூனை. வாசகர் கேள்விப்பட்டது சரி. போட்டிக்கும் நியாயமான காரணம் இருக்கிறது.

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். ஹன்டர் 10ஆவது லெவலில் விலங்கைப் பழக்கக் கற்கிறார். பழக்க 20 விநாடி ஆகும். அதுவரை கவசம் எதுவும் வேலை செய்யாது, விலங்கின் அடியை வாங்கிக்கொண்டே நிற்க வேண்டும். தன் லெவலுக்கு மேற்பட்ட விலங்கைப் பிடிக்க முடியாது. பிடித்த பிறகு தீனி போட வேண்டும். மகிழ்ச்சியாக இருக்கும் பெட், அதாவது பழக்கிய விலங்கு, 125 சதவீத டேமேஜ் தரும், பட்டினி போட்டால் 75தான். விசுவாசத்துக்கு ஆறு படிகள். படி எண்ணில் ஒன்றைக் கழித்து லெவலால் பெருக்கினால் பயிற்சிப் புள்ளிகள் கிடைக்கும். 60ஆவது லெவலில் உச்சப்படியில் 300. அந்தப் புள்ளிகளைக் கொடுத்துத்தான் கடி, பிறாண்டல் போன்ற திறன்களைப் பெட்டுக்குக் கற்றுத்தர முடியும். ஆனால் அந்தத் திறன்கள் முதலில் ஹன்டருக்கே தெரியாது. அது தெரிந்த காட்டு விலங்கு ஒன்றைப் பிடித்து, கூடவே சண்டைக்குக் கூட்டிப்போய், அதனிடமிருந்து கற்றுக்கொண்டு வந்துதான் தன் பெட்டுக்குச் சொல்லித்தர வேண்டும். இந்த ஏற்பாட்டை யோசித்தவரைக் கைகுலுக்கிப் பாராட்டலாம்.

இப்போது வேகத்துக்கு வருவோம். பேட்லேண்ட்ஸ் பகுதியில் அரிதாகத் தோன்றும் 37ஆவது லெவல் பூனை புரோக்கன் டூத். விநாடிக்கு ஒரு அடி அடிக்கும். பல பெட்களுக்கு இரண்டு விநாடிக்கு ஓர் அடிதான். ஆனால் விநாடிக்கான டேமேஜை இனமும் லெவலும்தான் முடிவு செய்கின்றன. மெதுவான பூனை 120 அடித்தால், இது 60, 60 என்று இரண்டாகப் பிரித்து அடிக்கும். எதிரியின் கவசமும் சதவீதக் கணக்கில்தான் குறைக்கிறது, எனவே சில்லறை அடிக்கு நட்டம் இல்லை. கூட்டிப் பார்த்தால் இரண்டும் சமம்.

வித்தியாசம் தெரிவது எதிரி மந்திரம் போடும்போது. மந்திரம் முடிவதற்குள் அடி விழுந்தால் அது தாமதமாகும். முதல் அடிக்கு 1 விநாடி, அடுத்ததற்கு 0.8, பிறகு 0.6, 0.4, அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் 0.2. அடி பெரிதா சிறிதா என்று விளையாட்டு பார்ப்பதில்லை. எத்தனை அடி என்று மட்டும்தான் பார்க்கிறது. நோட்டுக்கட்டு எண்ணுகிறவரிடம் ஒருமுறை சத்தமாகப் பேசுவதைவிட, நாலுமுறை மெல்லக் கூப்பிட்டால்தான் கணக்கு அதிகம் தவறும், இல்லையா?

ஒரு மேஜ், அதாவது மந்திரவாதி, 3 விநாடி மந்திரத்தைத் தொடங்குகிறார். முதல் அடி ஒரு விநாடி கழித்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மெதுவான பெட் 1ஆவது, 3ஆவது விநாடிகளில் அடிக்கிறது. முடிவு நேரம் 4 ஆகி, பிறகு 4.8 ஆகிறது. அடுத்த அடி 5ஆவது விநாடியில், அதற்குள் மந்திரம் பாய்ந்துவிடும். புரோக்கன் டூத்தோ விநாடிதோறும் அடிக்கிறது. முடிவு நேரம் 4, 4.8, 5.4, 5.8, 6 என்று நகர்ந்துகொண்டே போகிறது. 3 விநாடி வேலை 6 விநாடியாகிவிட்டது! ஒவ்வொரு முறையும் தள்ளல் குறைகிறது என்பதால்தான் மேஜ் ஒருவழியாக முடிக்கிறார். முழு ஒரு விநாடியாகவே தள்ளிக்கொண்டிருந்தால் அவர் முடிக்கவே முடியாது. அந்த இறங்குவரிசையை எழுதியவர் இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இந்த வேகத்துக்கு எதிர்விளைவும் உண்டு. எதிரி மேல் முள்கவசம் போட்டிருந்தால் ஒவ்வோர் அடிக்கும் பெட் குத்துப்படும். அடிக்கடி அடிப்பது அடிக்கடி குத்துப்படும்.

காத்திருப்பு பற்றியும் சொல்ல வேண்டும். குறிப்பிட்ட பாறையில் நின்றால் புரோக்கன் டூத் வரும், நள்ளிரவில் வரும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். 1948இல் உளவியலாளர் ஸ்கின்னர், பசித்த புறாக்களுக்கு அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் சீரான இடைவெளியில் தீனி கொடுத்தார். 8 புறாக்களில் 6, தீனி வந்த நேரத்தில் தற்செயலாகச் செய்த அசைவையே சடங்காக்கிக்கொண்டன. பாறையில் நிற்பதும் அதே வகைதான். பரிகாரம் செய்தேன், பலித்தது என்று நம் வீடுகளில் சொல்வதையும் நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். பலிக்காத தடவைகளை யாரும் குறித்து வைப்பதில்லை.

கேட்ட வாசகருக்கு: நீங்கள் டஞ்சன் எனும் குகைகளில் பாஸ்களை (விளையாட்டே இயக்கும் பெரிய எதிரிகளை) அடிக்கப் போகிறவர் என்றால், கண்ணில் படும் பூனையைப் பிடித்துக்கொண்டு கிளம்புங்கள். பிற ஆட்டக்காரர்களோடு, குறிப்பாக மேஜ்களோடு, மோதப் போகிறீர்கள் என்றால் பேட்லேண்ட்ஸில் காத்திருங்கள். 37ஆவது லெவலை எட்டியதுமே போய்விடுவது நல்லது. 60இல் போய்ப் பிடித்தால் அதை 37இலிருந்து மேலே கொண்டுவரும் வேலையும் உங்கள் தலையில்தான்.