ஸ்டஃபிங்னா 'திணிப்பு' இல்லைங்க

நவம்பர் நாலாவது வியாழன் நெருங்குனா போதும், அமெரிக்காவோட தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கான வான்கோழி வீடியோவா வருது, தமிழ் சப்டைட்டிலோட. எல்லாத்துலயும் ஒரே சொல்லு, 'திணிப்பு'. 'திணிப்பைத் தயார் செய்யவும்', 'திணிப்பைத் தனித் தட்டில் சுடவும்'. இந்த வருஷமும் பாத்தாச்சு, இனி எழுதாம இருக்க முடியல.

ஸ்டஃபிங்ங்கிறது காஞ்ச ரொட்டித்துண்டு, வெண்ணெயில வதக்குன வெங்காயம், செலரி, சேஜ் இலை எல்லாத்தையும் கோழிச்சாறு ஊத்திப் பிசறி பறவை வயித்துக்குள்ள வச்சு சுடுறது. பழைய பிரெஞ்சுல இருந்து இங்கிலீஷுக்கு வந்த சொல்லு, வேண்டியதக் குடுத்து நிரப்புறதுன்னு அர்த்தம். சொல் வரலாறு அவ்வளவுதான்.

இப்ப திணிப்புக்கு வருவோம். திணிக்கிறதுன்னா வேண்டாங்கிறவங்க மேல வம்படியா ஏத்துறது. 1938லயும் 1965லயும் நம்மாளுங்க தெருவுல எறங்கி எதிர்த்தாங்களே, அந்தத் திணிப்பு. அத விடுங்க, சமையல் கணக்குலயும் இது தப்பு. ரொட்டி சாற இழுத்து உப்பும், அதனால தளர்வாத்தான் வைக்கணும், அமுக்கி அடைச்சா நடுவுல சூடே ஏறாது. பறவையோட சாறு அதுக்குள்ளதான் எறங்குது, அதனால கறி மட்டும் வெந்தா பத்தாது, உள்ள இருக்குற ரொட்டியோட நடுப்பகுதியும் 74 டிகிரி செல்சியஸ் தொடணும்னு அமெரிக்க வேளாண் துறையே சொல்லுது. திணிக்கவே கூடாத ஒண்ணுக்கு திணிப்புன்னு பேரு வச்சா படிக்கிறவன் என்ன செய்வான், திணிப்பான்.

இன்னும் சிலர் 'பூரணம்'ங்கிறாங்க. அர்த்தம் சரிதான், நிரப்புறதுதான், உளுந்துல காரப் பூரணமும் இருக்கு. ஆனா பூரணம்னு சொன்னதும் நமக்கு நாக்குல வர்றது தேங்காயும் வெல்லமும், கொழுக்கட்டையும் போளியும். வெங்காயம் சேஜ் வாசனைய அந்தப் பேர்ல நெனச்சுப் பாக்க முடியல. 'உள்ளீடு' கம்ப்யூட்டருக்குப் போயிடுச்சு, 'அடைப்பு'ன்னா சாக்கடையும் நெஞ்சுவலியும்தான் ஞாபகம் வருது.

ஆனா அடைக்கிறதுங்கிற வினை நம்ம அடுப்படியில உயிரோடதான் இருக்கு. கத்திரிக்காய நாலாக் கீறி பொடி அடைக்கிறோம், பாவக்காயில மசாலா அடைக்கிறோம், யாரும் திணிக்கிறதில்ல. பக்கத்துல மலபார்ல முழுக்கோழிக்குள்ள அவிச்ச முட்டையும் வெங்காய மசாலாவும் வச்சு செய்றாங்க, பேரு 'கோழி நிறச்சது', எவ்ளோ நேரான பேரு! அதனால நான் சொல்றது, முழுப் பண்டத்துக்கு 'அடைச்ச வான்கோழி', உள்ள இருக்குறதுக்கு 'உள்ளடை'. வாயில நிக்கிற சொல்லு.

அடுத்த தலைவலி டிரஸ்ஸிங். அமெரிக்கத் தெற்குல மக்காச்சோள ரொட்டிய உதுத்து தனித் தட்டுல சுட்டு அதுக்கு டிரஸ்ஸிங்னு சொல்வாங்க, அத ஒரு இடத்துல 'வான்கோழி அலங்காரம்'னே போட்டிருந்தாங்க. அந்தப் பேருக்கு மூலம் தயார் பண்றதுங்கிற அர்த்தம், அலங்காரம் எங்க வந்துச்சு? வெளிய சுடுறத உள்ளடைன்னும் சொல்லக்கூடாது. 'சுட்ட ரொட்டிப் பிசறல்'னு சொல்லுங்க, பிரெட் உப்புமா சாப்பிட்ட எவனுக்கும் பாதி புரிஞ்சிடும். தனித் தட்டுல வச்சாலும் ஸ்டஃபிங்னே சொல்ற அமெரிக்கர் நெறைய பேர் உண்டு, அப்ப மொழிபெயர்க்கிறவர் சொல்லைப் பாக்கக்கூடாது, தட்டைப் பாக்கணும்.

பாக்காட்டி என்ன ஆகும்னு கேட்டா, லூசியானா பக்கம் முழு வான்கோழிய கடலை எண்ணெயில பொரிப்பாங்க, எண்ணெய் 175 டிகிரி செல்சியஸ் கிட்ட காஞ்சிருக்கும். அந்த வான்கோழிக்குள்ள எதையும் அடைக்கக் கூடாது, ஈரம் பட்டா எண்ணெய் பொங்கி வழிஞ்சு தீப்பிடிக்கும். கூட வச்சு சாப்பிட ஸ்டஃபிங்னு இருந்தத நான் பாத்த சப்டைட்டில்ல 'திணிப்புடன் பொரிக்கவும்'னு எழுதி வச்சிருக்காங்க.