வெதரிங் என்ற சொல்லுக்கு நேரான தமிழ்

பிளாஸ்ரிக் துண்டுகளை வெட்டி ஒட்டிப் போர்த்தாங்கிகள் எனும் கவச ஊர்திகளின் மாதிரியுருக்களைச் செய்வோரிடையே நாள்தோறும் புழங்கும் சொல் வெதரிங் என்பதாகும். ஒட்டி முடித்து, நிறம் பூசி, இலக்கங்களையும் அடையாளங்களையும் பதித்த பின்னர், மாதிரியுரு தொழிற்சாலை வாசலை அப்போதுதான் தாண்டியதுபோலப் பளபளப்பாக நிற்கும். அதன்மேல் வெயிலின் வெளிறல், மழைநீர் வழிந்த தடம், சக்கரங்களில் அப்பிய சேறு, எண்ணெய்க் கசிவு, படையினர் ஏறியிறங்கிய இடத்துத் தேய்வு, புகைபோக்கியின் கறள் (துரு) ஆகியவற்றைத் தூரிகையாலும் நிறப்பொடியாலும் உண்டாக்கும் வேலை முழுவதையும் இந்த ஒரு சொல்லே குறிக்கிறது. ஒட்டும் வேலை ஒரு கிழமையில் முடிந்துவிடும். வெதரிங் சில வேளைகளில் ஒரு மாதத்தையும் விழுங்கிவிடும். பொழுதுபோக்கின் பெரும்பகுதியைத் தாங்கி நிற்கும் சொல் இரவற் சொல்லாகவே இருப்பது எனக்கு நீண்ட காலமாக உறுத்தலாக இருந்து வருகிறது.

வெதர் என்பது பழைய ஆங்கிலத்தில் வெடர் என வழங்கியது. ஜேர்மன் மொழியின் வெற்றர் அதன் உடன்பிறப்பு. காற்று, வானம், புயல் என்பன அதன் பழைய பொருள்கள். பெயராக இருந்த அச்சொல் பிற்காலத்தில் வினையுமாகியபோது, ஒன்றையொன்று மறுப்பதுபோல் தோன்றும் இரு பொருள்களை ஏற்றது. வெளியிற் கிடந்து காற்றாலும் மழையாலும் நிலைமாறுதல் ஒன்று. புயலுக்கு ஈடுகொடுத்துக் கரை சேர்தல் மற்றொன்று. பின்னது கடலோடிகளின் வழக்கிலிருந்து வந்தது. புவியியலார் முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு, பாறை தான் கிடக்கும் இடத்திலேயே வெப்பத்தாலும் நீராலும் சிதைவதற்குப் பெயராக்கினர். மாதிரியுருச் செய்வோர் அதே சொல்லைப் பிறவினையாக மாற்றி, ஒரு பொருளை அவ்வாறு தோன்றச் செய்தல் என்ற பொருளில் ஆள்கின்றனர். இந்தக் கடைசி மாற்றத்தைக் கவனிக்காமல் தமிழாக்க முயன்றால் வழி தவறிவிடும்.

இலங்கைப் பாடநூல்களில் புவியியல் படித்தவர்களுக்கு வானிலையாலழிதல் என்ற தொடர் பழக்கமானது. தமிழ்நாட்டில் வானிலைச் சிதைவு என்பர். இரண்டும் பாறைக்குப் பொருந்தும், மாதிரியுருவுக்குப் பொருந்தா. முதலாவது காரணம், இங்கே எதுவும் அழிவதில்லை; நிறத்தின்மேல் நிறம் கூடிக்கொண்டே போகிறது. இரண்டாவது காரணம், தாங்கியின் உடலிற் காணப்படும் அடையாளங்களிற் பெரும்பாலானவை வானிலையின் வேலையே அல்ல. மேல்மூடியின் விளிம்பில் நிறம் தேய்ந்திருப்பது படையினரின் கைகளாலும் சப்பாத்துகளாலும். எரிபொருள் ஊற்றும் வாயைச் சுற்றிக் கருமை படிந்திருப்பது அவசரத்திற் சிந்தியதால். மூன்றாவது காரணம் இலக்கணம்: அழிதல், சிதைவு என்பன தாமாக நிகழ்பவற்றின் பெயர்கள், நமக்கு வேண்டியது ஒருவர் செய்யும் வினையின் பெயர்.

இரவற் சொல்லொன்று தமிழுக்குள் நல்லபடியாகக் குடியேறியதற்குச் சான்று தேடித் தொலைவு போகவேண்டியதில்லை. தாங்கி என்ற சொல்லே போதும். குஜராத்தி முதலிய மொழிகளில் நீர்த்தேக்கத்தைக் குறித்த ஒரு சொல்லும் போர்த்துக்கேயரின் தங்க் என்னும் சொல்லும் கலந்து ஆங்கிலத்தில் ராங்க் ஆயின. இலங்கையை ஆண்ட ஆங்கிலேயர் நமது குளங்களையும் அப்பெயராலேயே குறித்து, மன்னார்க் கட்டுக்கரைக்குளத்தை ஜயன்ற்ஸ் ராங்க் என்று எழுதினர். 1915இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துத் தொழிற்சாலையொன்றில் புதிய கவச ஊர்தி உருவானபோது, இரகசியம் காப்பதற்காக அதனை நீர் கொண்டுசெல்லும் கலம் என்று சொல்லி வைத்தனர். 1916 செப்ரெம்பர் 15இல் பிரான்சின் ஃபிளேர்ஸ் பகுதியிற் களமிறங்கிய பின்னரும் அப்பெயரே நிலைத்துவிட்டது. யாழ்ப்பாணத்தார் ராங்கி என்றும் எழுதினர், தாங்கி என்றும் எழுதினர். நீரைத் தாங்குவதால் வீட்டுக்கூரையில் நிற்பதும் தாங்கி, அடியைத் தாங்குவதாற் களத்தில் நிற்பதும் தாங்கி. தெருவோரச் சுமைதாங்கியைப் பார்த்து வளர்ந்த காதுக்கு இச்சொல் அந்நியமாகத் தோன்றவே இல்லை. ஒலியும் பொருளும் ஒருசேரப் பொருந்திய அந்த அதிர்ஷ்டம் வெதரிங் என்பதற்கு வாய்க்காது; ஆகவே பொருளிலிருந்தே தொடங்கவேண்டும்.

பொருளை எனக்குத் தெளிவாக்கியவர் எங்கள் ஊர்க் கராச்சில் ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களைப் பல ஆண்டுகளாகத் திருத்திவந்த ஒரு முதியவர். உள்நாட்டுப் போரின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலில் இயந்திரத்தை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள் அவை. புகையும் கரியும் எங்கெங்கே படியும் என்பது அவருடைய கைக்குத் தெரியும். நான் செய்த முதலாவது தாங்கியை, இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் ஓட்டிய ரைகரை, அவரிடம் பெருமையுடன் காட்டினேன். உடல் முழுவதும் செம்பழுப்பாகக் கறள் ஏற்றியிருந்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, உது ஓடின வாகனம் இல்லை; வளவுக்குள்ளை கிடந்த வாகனம்" என்றார்.

அவர் சொன்னது சரி. போர்க்களத்துத் தாங்கிகளுள் பல தொழிற்சாலையை விட்டு வந்த சில மாதங்களிலேயே அழிந்தன. பூச்சுக்கு அடியிற் கறள் ஊறிப் பரவ அவற்றுக்கு நாள் கிடைக்கவில்லை. ஜேர்மனியர் 1943 பெப்ரவரி முதல் கடுஞ்சாம்பலை விட்டு மங்கிய மஞ்சளை அடிப்படை நிறமாக்கினர். மஞ்சளுக்குக் கீழே கறள் தடுக்கும் செந்நிறப் பூச்சு இருந்தது. எனவே அத்தகைய தாங்கியின் நிறம் பெயர்ந்த இடத்தில் முதலில் தெரியவேண்டியது கறளன்று, அந்தச் செந்நிறமே. கறள் கூடுதலாக இருக்கவேண்டிய இடம் புகைபோக்கி. அங்கே வெப்பம் நிறத்தை எரித்துவிடுகிறது. சங்கிலிப் பட்டி விரைவிற் பழுப்பேறும். ஆனால் ஓடும் தாங்கியில் நிலத்தோடு உராயும் அதன் முனைகள் வெள்ளிபோல் மின்னிக்கொண்டிருக்கும். அந்த மினுக்கம் இல்லையென்றால் தாங்கி நின்றுவிட்டது என்று பொருள். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணமும் ஒரு கால அளவும் உண்டு. அவற்றை அறியாமற் பூசும் கறள் வெறும் அலங்காரம். அளவுக்கு மீறிக் கறளேற்றுவது இத்துறையில் இன்றும் மிகப் பரவலான பிழை என்பது என் கருத்து.

ஆகவே வெதரிங்கின் உட்கரு வானிலையுமல்ல, அழிவுமல்ல, கழிந்த நாட்கள். ஒரு பொருள்மேல் எத்தனை நாட்கள், எந்த மண்ணில், எத்தகைய பயன்பாட்டிற் கழிந்தன என்பதைக் கண்ணுக்குப் புலப்படுத்துவதே அது. தமிழில் இதற்கு நாட்படு என்ற வினை ஆயத்தமாக இருக்கிறது. நாள் என்பதும் படு என்பதும் புணர்ந்து நாட்படு ஆகிறது. புறநானூற்றில் ஔவையார், நெடுநாள் வைத்துக் கடுமையேறிய கள்ளைத் தேளின் கடுப்போடு ஒப்பிட்டு நாட்படு தேறல் என்கிறார். அங்கே நாட்படுதல் குறையன்று, சுவை. பயன்படு என்பதிலிருந்து பயன்படுத்து, வெளிப்படு என்பதிலிருந்து வெளிப்படுத்து பிறப்பதைப்போல, நாட்படு என்பதிலிருந்து நாட்படுத்து பிறக்கும். நாட்படுத்தல் என்பதே வெதரிங்கிற்கு நான் முன்வைக்கும் சொல். நாட்பட்ட நோய் என்ற வழக்கு நினைவுக்கு வரலாம் என்று தடை சொல்வோர் உண்டு. நாட்பட்ட நட்பும் அதே தமிழில்தான் இருக்கிறது. பழமையூட்டல் என்ற மாற்றுச்சொல்லை நான் ஏற்காததற்குக் காரணம், நேற்றுச் சேற்றிற் புதைந்த புத்தம்புதிய தாங்கியைப் பழமையானது என்று சொல்லமுடியாது. அதற்கு ஒரு நாள் பட்டிருக்கிறது என்று சொல்லலாம்.

தலைச்சொல் கிடைத்துவிட்டால் உட்பிரிவுகளுக்கு யாழ்ப்பாணத்துப் பேச்சே பெருமளவு போதும். துருவை நாங்கள் கறள் என்கிறோம்; கறை என்பதோடு அதற்கு ஒலியுறவு தெரிகிறது. ஆறும் புண்ணின் காய்ந்த தோல் பொருக்கு. எனவே நிறம் செதில் செதிலாகப் பெயர்ந்த தோற்றத்தை உண்டாக்கும் சிப்பிங்கைப் பொருக்குதிர்த்தல் எனலாம். கூரை ஒழுகிச் சுவரில் விட்ட தடத்தை அறிந்தவருக்கு ஸ்ரீக்கிங் என்பது ஒழுக்குக்கறை. நிறத்தை மிக நீர்க்கக் கரைத்து, இடுக்குகளிலும் ஆணித்தலைகளைச் சுற்றியும் தானாக ஓடித் தங்கவிடும் வொஷ் என்பதை ஊறற்பூச்சு என்கிறேன். கழுவுதல் என்று பெயர்த்தாற் செயல் தலைகீழாகிவிடும், ஏனெனில் அது ஊத்தையை நீக்குவதில்லை, ஏற்றுகிறது. ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளை மட்டும் தொட்டு வெளிச்சமாக்குவது வறட்டுப்பூச்சு. களிம்பு என்ற நல்ல சொல்லை இங்கே பயன்படுத்த இயலாது, அது செம்புக்குரியது. செம்பிற் களிம்புபோல ஆணவம் உயிரோடு உடனாயிருப்பது என்று சைவசித்தாந்தம் படித்தவர்கள் சொல்வார்கள். தாங்கியின் கறளோ இடையில் வந்து சேர்ந்தது.

பொருக்குதிர்த்தலுக்கு எங்கள் ஊரில் எளிதிற் கைகூடும் வழி உப்பு. முதலில் கறள் நிறத்தைப் பூசிக் காயவிட்டு, வேண்டிய இடங்களை நீரால் நனைத்து உப்புத் தூவவேண்டும். நீர் உலர்ந்ததும் உப்பு ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் தாங்கியின் வெளிநிறத்தை விசிறி, காய்ந்தபின் உப்பைத் தட்டிவிட்டால், அது இருந்த இடமெல்லாம் அடிநிறம் ஒழுங்கற்ற பொருக்குகளாக வெளிப்படும். இங்கே அளவிடை முக்கியம். 1/35 அளவிடை, 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா என்னும் மாதிரியுரு நிறுவனம் ஜேர்மனியரின் பந்தர் தாங்கியின் உடலுக்குள் மோட்டாரையும் மின்கலங்களையும் அடக்கத் தேர்ந்த பருமனிலிருந்து வந்தது. 8.45 மீற்றர் நீளமான ரைகர் அதில் ஏறக்குறைய 24 சென்ரிமீற்றர். ஒரு மில்லிமீற்றர்ப் பொருக்கு உண்மையில் 35 மில்லிமீற்றர்க் காயம். உப்பளத்துக் கல்லுப்பை அப்படியே தூவினால் தாங்கி அம்மை போட்டதுபோலாகிவிடும். அம்மியில் ஒருமுறை இழுத்துச் சலித்துக்கொள்ளவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலை சரிவராது. உப்பு நீர் கோர்த்து நிறத்தைக் கெடுத்துவிடும்.

நிறப்பொடிக்கும் வெளியே போகவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண்ணைக் காயவைத்துப் பழைய வேட்டித் துணியில் வடித்தால், வியட்நாமின் மேட்டுநிலத்துச் செம்மண்ணில் ஓடிய அமெரிக்கத் தாங்கிகளுக்கு நன்கு பொருந்தும் தூள் கிடைக்கும். வட ஆபிரிக்கப் பாலைத் தாங்கிக்கு அதே பொடியைப் பூசினாற் பொய்யாகிவிடும். அதற்குச் சுண்ணாம்புக்கல்லின் வெளிர் தூளையும் சிறிது கலக்கவேண்டும்.

நாட்படுத்தினேன், நாட்படுத்தாத தாங்கி, நாட்படுத்தும் பொடி என்று எல்லா வடிவங்களிலும் இச்சொல் தடையின்றி நிற்கிறது. பேச்சில் இன்னும் சுருங்கிவிட்டது. அண்மையில் நண்பர் ஒருவர் தம் தாங்கியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது, கறள் அதிகம் என்று சொல்வதற்குப் பதிலாக, "இதுக்கு நாள் கூடிப்போச்சு" என்றேன். அவர் விளக்கம் கேட்கவில்லை, தூரிகையை எடுத்துக்கொண்டு மஞ்சளைக் கரைக்கத் தொடங்கினார்.