சீட்டிங் டெப்த்: தமிழில் 'பதி ஆழம்'

ரைஃபிள் தோட்டாவைக் கையாலேயே தயாரிக்கும் பழக்கம் அமெரிக்காவில் பரவலாக உண்டு. அவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் 'சீட்டிங் டெப்த்'. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இடம் தராது என்பதால், நாம் சொல்லை மட்டும் பார்ப்போம்.

'தோட்டா பாய்ந்தது' என்று செய்திகளில் எழுதுகிறார்கள். பாய்வது குண்டுதான். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீ மூட்டும் கேப், உள்ளே மருந்து, வாயில் குண்டு, எல்லாம் சேர்ந்தால்தான் தோட்டா. குண்டு அந்தக் கூட்டுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதே சீட்டிங் டெப்த்.

இதை 'இருக்கை ஆழம்' என்று எழுதினால் பஸ் சீட்டுதான் ஞாபகம் வரும். ஓசூர்ப் பட்டறைப் பக்கம் போனால் 'வால்வு சரியா சீட் ஆகலை' என்பார்கள். அந்த சீட்தான் இது. உட்காருவதைக் குறித்த ஆங்கிலச் சொல், ஒரு பாகம் தன் இடத்தில் கச்சிதமாகப் பொருந்துவதற்கும் ஆகிவந்திருக்கிறது. நம்மிடம் இதற்குப் 'பதி' இருக்கிறதே. மோதிரத்தில் கல் பதிக்கிறோம். ஆகவே 'பதி ஆழம்'. 'பதிப்பு ஆழம்' வேண்டாம், அச்சகத்துக்குப் போய்விடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக் காட்டோரங்களில் பேச்சில் வரும் நாட்டுத் துப்பாக்கியில் கூடே கிடையாது. குழல் வாய் வழியாக மருந்தைப் போட்டுக் கோலால் கெட்டிப்பார்கள். அந்தக் கோலுக்கும் அளவுகோலுக்கும் இந்தியில் ஒரே பெயர்: 'கஜ்'. நம் கெஜமும் அதே சொல்தான். பொருத்தமான பெயர், கெட்டித்த கோல் வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்த்தே உள்ளே இருப்பதைக் கணிக்கலாம்.

தோட்டாவில் குண்டின் அடி கூட்டுக்குள் மறைந்துவிடுவதால் பதி ஆழத்தை நேராக அளக்க முடியாது. வெர்னியர் காலிபரால் மூன்று நீளங்களை எடுத்துக் கணக்குப் போட வேண்டும். குண்டு 31 மி.மீ., கூடு 51, தோட்டாவின் மொத்த நீளம் 71 என்றால், 31ஐயும் 51ஐயும் கூட்டி 71ஐக் கழிக்க, 11 மி.மீ. பதி ஆழம். குண்டு அதிகம் இறங்கினால் உள்ளே இடம் குறைந்து, சுடும்போது அழுத்தம் ஏறும். சரி, குறைவாக இறக்கினால் ஆபத்தில்லையா என்றால், குண்டு குழலின் உட்சுவரில் உள்ள சுருள் வரிகளில் முன்கூட்டியே முட்டி அப்போதும் அழுத்தம் ஏறும். மொத்த நீளம் மட்டும் பார்த்தாலும் போதாது: அதே 71இல் நீளமான வேறு குண்டை வைத்தால் பதி ஆழம் கூடிவிடும்.