312-இல் 40 போனால் 272 அல்ல

சினிமாவில் பணம் போடுவது பற்றிக் கேட்க என்னிடம் வந்தவர்களில் இந்த ஆண்டில் இவர் மூன்றாவது ஆள். கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே இங்கே எடுக்கப் போகும் ஒரு கொலை மர்மப் படத்தின் போஸ்டர், நூறு ரூபாய் பத்திரத்தில் ஒரே பக்க ஒப்பந்தம், ஒரு பிரிண்ட் அவுட். பிரிண்ட் அவுட்டில் இரண்டே எண்கள்: 'நைவ்ஸ் அவுட்' என்ற அமெரிக்கக் கொலை மர்மப் படம், 2019. செலவு 40 மில்லியன் டாலர், உலக வசூல் 312 மில்லியன் டாலர்.

"ஒன்று போட்டால் எட்டு சார். நம்ம படமும் அதே மாதிரிதான். ஒரு பங்களா, பத்து நடிகர்கள்."

பணிக்கொடையில் 8 லட்சம் ஏற்கெனவே போய்விட்டது. மீதி 17 லட்சத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

நான் வடபழனியில் உட்கார்ந்து சினிமா கணக்குப் பார்க்கும் ஆடிட்டர். வசூலில் இருந்து பட்ஜெட்டைக் கழித்து லாபம் சொல்லும் இந்தப் பழக்கத்தைப் போல என்னை எரிச்சலூட்டுவது வேறெதுவும் இல்லை. வங்கியில் முப்பது வருடம் கடன் கொடுத்தவர், மளிகைக்கடைக்காரர் ஒருவர் கல்லாவில் விழுந்த காசையெல்லாம் லாபம் என்று சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாரா? சினிமா என்றதும் அந்த மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வருகிறார்கள்.

சரி, ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி சேர்த்து 177 ரூபாய். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவிகிதம் என்பதால், 27 ரூபாய் அரசுக்கு. மிச்சம் 150. உள்ளாட்சிக் கேளிக்கை வரி கொஞ்சம் போகும். அதற்குப் பிறகு இருப்பதில் ஏறக்குறைய பாதி தியேட்டருக்கு. முதல் வாரத்தில் தயாரிப்பாளர் பக்கத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும், வாரம் போகப் போகக் குறையும். மீதிதான் ஷேர். அதில் விநியோகஸ்தர் கமிஷன் போனால் கையில் 60 ரூபாய் சொச்சம். செய்தியில் "வசூல்" என்று வருவது 177. தயாரிப்பாளர் பார்ப்பது 60. அந்த அறுபதிலும் டிஜிட்டல் திரையிடல் கட்டணம், விளம்பரம், வட்டி எல்லாம் இன்னும் கழிக்கப்படவில்லை.

வட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 5 கோடியை மூன்று வட்டிக்கு வாங்கி, படம் ஒரு வருடம் முடங்கினால் 1 கோடியே 80 லட்சம். போஸ்டரோடு வரும் பட்ஜெட் தாளில் இந்த வரி இருந்து நான் பார்த்ததே இல்லை.

இப்போது அந்த அமெரிக்கப் படத்துக்கு வருவோம். 40 மில்லியன் என்பது படம் எடுத்த செலவு மட்டும். உலகம் முழுக்க விளம்பரம் செய்து வெளியிடும் செலவு அதில் இல்லை. 312 மில்லியனில் திரையரங்குகளின் பங்கு போக வந்தது தோராயமாகப் பாதி என்று வையுங்கள். அப்புறம் டிவி, வீடியோ வருமானத்தைக் கூட்டி, எல்லாச் செலவையும் கழித்து, 'டெட்லைன்' திரை வணிக இதழ் போட்ட மதிப்பீட்டில் நிகர லாபம் சுமார் 82 மில்லியன் டாலர். 272 அல்ல, 82! அதுவும் அந்த ஆண்டில் நன்றாக ஓடிய படங்களில் ஒன்றுக்கு.

ஓடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இதே வகையிலேயே கணக்கு இருக்கிறது. கென்னத் பிரானா துப்பறிவாளர் பொய்ரோவாக நடித்து இயக்கிய படங்களில் முதலாவது, 2017-இல் வந்தது, 55 மில்லியனில் எடுத்து 350 மில்லியனைத் தாண்டி வசூலித்தது. அதே இயக்குநர், அதே துப்பறிவாளர், 2022-இல் இரண்டாவது: செலவு 90 மில்லியன், வசூல் 137 மில்லியன். வங்கி மேலாளர் கணக்குப்படி 47 மில்லியன் லாபம். பாதியைத் தியேட்டரிடம் விட்டுவிட்டு நீங்களே கழித்துப் பாருங்கள், விளம்பரத்துக்கு முன்பே நட்டம்.

"ஒரு பங்களா, பத்து நடிகர்கள்" என்ற வாதமும் அரைகுறை. அந்தப் பங்களாவுக்குள் நின்றவர்கள் டேனியல் கிரெய்க், கிறிஸ் எவான்ஸ், ஜேமி லீ கர்ட்டிஸ், கிறிஸ்டோபர் பிளம்மர். படம் முதல் ஐந்து நாளில் 41 மில்லியன் எடுத்தது, கடைசியில் அமெரிக்க, கனடா வசூல் 165 மில்லியன். அதாவது நான்கு மடங்கு, வாரக்கணக்கில் ஆள் வந்திருக்கிறார்கள். நம் ஊரில் கொலையாளி யார் என்பது வெள்ளிக்கிழமை மதியமே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடும் என்று பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

அவருடைய ஒப்பந்தத்தைப் படித்தேன். "நிகர லாபத்தில் 10 சதவிகிதம்." நிகர லாபம் என்றால் என்ன, எதையெல்லாம் கழித்த பிறகு, யார் தணிக்கை செய்வது, ஒன்றும் இல்லை. தயாரிப்பாளரின் அலுவலக வாடகையையும் காருக்கான டீசலையும் அதில் கழிக்கலாம். கழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

பணம் போட்டே தீருவேன் என்பவர்கள் கொஞ்சம் கேளுங்கள். வரும் பணத்தை முதலில் யார் எடுப்பார், இரண்டாவது யார் என்ற வரிசையை எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் ஏழாவது ஆளாக இருந்தால் வீட்டுக்குப் போய்விடுங்கள். படத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு இல்லையென்றால் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். கையில் ரொக்கமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விநியோகஸ்தர் கொடுத்த அட்வான்ஸைக் காட்டி "வியாபாரம் முடிந்தது" என்பார்கள். அட்வான்ஸ் வருமானம் அல்ல, படம் ஓடாவிட்டால் திருப்பிக் கேட்பார்கள். மினிமம் கேரண்டியா (படம் ஓடாவிட்டாலும் திருப்பிக் கேட்காத தொகை) அட்வான்ஸா என்று கேளுங்கள், பதில் வருவதற்குள் முகத்தைப் பாருங்கள். அப்புறம் லேப் லெட்டர். ஃபிலிம் கழுவிய லேப்களெல்லாம் மூடி வருடக்கணக்காகிறது, பெயர் மட்டும் போகவில்லை. இன்று அது டிஜிட்டல் நிறுவனத்திடம் இருக்கும் கடிதம்: இன்னின்னாருக்குப் பாக்கி தீராமல் படத்தைத் திறக்கும் சாவியான கேடிஎம்மை அனுப்பக் கூடாது என்று. வியாழன் இரவு பதினொரு மணிக்கு பைனான்சியர்கள் சுற்றி உட்கார்ந்து பேரம் பேசுவது அந்தக் கடிதத்தின் பலத்தில்தான். அந்த அறைக்குள் உங்களுக்கு நாற்காலி கிடையாது.

பிள்ளையின் கல்யாணத்துக்கு வைத்த பணத்தை மட்டும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். இதைக் கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. "அப்போ அந்த 8 லட்சம்?" என்றார். எந்தக் கணக்கில் போட்டீர்கள் என்றேன். பாதி தயாரிப்பாளரின் மச்சான் கணக்கில், பாதி கையில். ரசீது இருக்கிறதா என்றதற்குப் போஸ்டரைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பேனாவில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

திங்கள்கிழமை வக்கீலைப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். 17 லட்சம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.