மாடிப்படிக்கு அடியில் அரை மூட்டை சிமெண்ட்

பாத்ரூம் டைல்ஸ் வேலை முடிந்து அரை மூட்டை சிமெண்ட் மிச்சம். மாடிப்படிக்கு அடியில் கட்டி வைத்து எட்டு மாதம் ஆகிறது. சலித்து எடுத்தால் பூந்தொட்டி செய்ய ஆகுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தொட்டிக்கு ஆகலாம், சன்ஷேடுக்கு ஆகவே ஆகாது.

முதலில் ஒன்று. சிமெண்ட் 'காய்ந்து' இறுகுவதில்லை. தண்ணீர் வெளியே போவதால் துணி காய்கிறது. சிமெண்டோ தண்ணீரைத் தனக்குள் கட்டிக்கொண்டு இறுகுகிறது. தண்ணீருக்கு அடியில்கூட இறுகும். கலவைச் சட்டியைக் கழுவி சாக்கடைக் குழாயில் ஊற்றுகிறவர்கள் இதைப் பிளம்பரிடம் காசு கொடுத்துத் தெரிந்துகொள்கிறார்கள்.

சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1450 டிகிரியில் சுட்டு, கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். அதில் பெரும்பங்கு கால்சியம் சிலிகேட். பள்ளியில் படித்ததுதான், விடுங்கள்.

தண்ணீர் பட்ட பிறகு நடப்பதுதான் எனக்குப் பிடித்த இடம். முதல் சில நிமிடம் ஒரு சூடு கிளம்பும். அப்புறம் ஒன்றிரண்டு மணி நேரம் எல்லாம் அமைதி. கொத்தனார் கலவையை அள்ளி, அடித்து, மட்டம் பார்ப்பதெல்லாம் இந்த அவகாசத்தில்தான். அதன் பிறகு ஒவ்வொரு துகளின் மேலும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பசை முளைக்கத் தொடங்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் நாயுருவி விதை மாதிரி முள்முள்ளாக இருக்கும். பக்கத்துத் துகளின் முள்ளும் இதன் முள்ளும் பின்னிக்கொள்ளும். நடுவில் மாட்டிய மணலும் ஜல்லியும் அந்தப் பிடியில் சிக்கிக்கொள்ளும். சுவரின் வலு என்பது இந்தப் பின்னல்தான்.

மதியம் கலந்த கலவை இறுகத் தொடங்கியபின் சாயங்காலம் ஒரு குவளை தண்ணீர் விட்டுக் கிளறினால் திரும்ப இளகத்தான் செய்யும். ஆனால் பின்னிய முட்கள் முறிந்துபோயிருக்கும். எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரின் கடைசி ஐந்து அடி அப்படிப் பூசியது. இன்றைக்கும் நகத்தால் சுரண்டினால் மணல் உதிர்கிறது.

சரி, மூட்டைக்குள் என்ன ஆகிறது? அதே வேலைதான், ஆனால் தப்பான இடத்தில். காற்றின் ஈரம் சாக்கு வழியாக நுழைந்து ஒவ்வொரு துகளின் மேலும் மெல்லிய ஓடு கட்டுகிறது. முள் முளைக்கிறது, பின்னிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. மிக நுண்ணிய துகள்கள்தான் சீக்கிரம் வலு தருபவை, முதலில் வீணாவதும் அவைதான். மூன்று மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஆறு மாதத்தில் சுமார் 30 சதவீதம் வலு போய்விடும் என்பது கட்டட வேலையில் சொல்லும் தோராயக் கணக்கு. சலித்தால் கட்டி போகும், சல்லடை வழியாக இறங்கிய துகளின் ஓடு போகாது.

உங்கள் சிமெண்டைச் சோதிக்க ஆய்வகம் வேண்டாம். கெட்டியாகப் பிசைந்து, ஓரம் கூராக ஒரு வில்லை தட்டி, கண்ணாடித் துண்டில் வைத்து மெதுவாக வாளித் தண்ணீருக்குள் இறக்குங்கள். ஒரு நாள் கழித்தும் ஓரம் மழுங்காமல் இறுகியிருந்தால் தொட்டி செய்யலாம். கரைந்திருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். பிசையும்போது கையுறை கட்டாயம். ஈர சிமெண்டின் காரம் தோலை அரித்துப் புண்ணாக்கும்.

பழைய சிமெண்ட் என்பதால் ஒன்றுக்கு மூன்று மணல் போதும். தண்ணீர் சிமெண்டின் எடையில் பாதிக்கு மேல் வேண்டாம். துகள்கள் ரசாயனமாகக் கட்டிக்கொள்வது கால் பங்குதான். கூடுதலாக ஊற்றியது வெளியேறும்போது ஓட்டை விட்டுவிட்டுப் போகும். அச்சிலிருந்து எடுத்ததும் ஈரச்சாக்கு சுற்றி நிழலில் ஒரு வாரம் வையுங்கள். புது வீட்டு வாசலில் திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கவிட மறக்காதவர்கள், புது கான்கிரீட் ஈரத்தோடு இறுக மொட்டை மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த மறந்துவிடுகிறார்கள். விரிசல் விட்டால் பழி ஊர்க்கண் மேல்!

செடி நடுவதற்கு முன் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, மாற்றி மாற்றி ஒரு வாரமாவது ஊறவிடுங்கள். இறுகும்போது உண்டான சுண்ணாம்பு கசிந்து வேரைக் கெடுக்கும். புது சிமெண்ட் மீன் தொட்டியில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைப்பார்களே, அழுகும் தண்டின் புளிப்பு இந்தக் காரத்தைத்தான் தணிக்கிறது. இது மூடநம்பிக்கைக் கணக்கில் வராது.

இறுகிப்போன சிமெண்டை மறுபடி சிமெண்டாக்க, கட்டிக்கொண்ட தண்ணீரைப் பிரிக்கிற அளவுக்குச் சுட வேண்டும். 2024-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், பழைய இரும்பை உருக்கும் மின் உலையிலேயே பழைய சிமெண்டையும் போட்டுப் புது கிளிங்கர், அதாவது அரைத்தால் சிமெண்டாகும் சுட்ட கட்டி, எடுத்துக் காட்டினார்கள். சிமெண்ட் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த நாடு நாம். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்து கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் சிமெண்டைப் பற்றிச் சென்னை, டெல்லி ஐஐடிகள் செய்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது சுவிட்சர்லாந்து. எனக்கு இது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் தெருமுனையில் ஒரு மூட்டை முழுசாக இறுகிக் கிடக்கிறது. சாக்கு எப்போதோ மக்கிப் போய்விட்டது, அதன் நெசவு மட்டும் கல்லில் வரிவரியாகப் பதிந்திருக்கிறது. இஸ்திரி போடும் அண்ணன் அதன்மேல் ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார்.