தோள்பட்டை ஆர்த்ராஸ்கோப்பி: கழுத்துக்கு ஏறும் சலைன்

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமிருந்து தோள்பட்டை ஆர்த்ராஸ்கோப்பிக்காக (சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டு மூட்டில் செய்யும் அறுவை) பெங்களூரு வருபவர்கள் வலியைப் பற்றிக் கேட்பார்கள், தழும்பைப் பற்றிக் கேட்பார்கள். உள்ளே பாயும் சலைனைப் பற்றியும் கேட்க வேண்டும்.

கேமராவில் தெளிவாகத் தெரிய, மூட்டை விரித்து இரத்தத்தைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்காக 3 லிட்டர் சலைன் (உப்புநீர்) பைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டப்பட்டு, பம்ப் மூலம் அழுத்தத்தோடு உள்ளே செலுத்தப்படும். முழங்கால் என்றால் தொடையில் டூர்னிக்கே என்ற இறுக்குப் பட்டையைக் கட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்தலாம். தோளில் அதற்கு வழியில்லை. நீரழுத்தம்தான் இரத்தக் கசிவை அடக்குகிறது. தோள் எலும்பு முனைக்குக் கீழே உள்ள இடைவெளியில் வேலை நடக்கும்போது, நீரைத் தடுத்து நிறுத்த மூட்டு உறை கிடையாது. டெல்டாய்ட் தசை, மார்புச் சுவர், கழுத்து என்று சலைன் பரவும்.

தோள் வீங்குவது வழக்கம்தான், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வடிந்துவிடும். கழுத்து வீங்கி மூச்சுப்பாதையை நெருக்குவதுதான் ஆபத்து. மேலே துணி போர்த்தியிருப்பதால் வீக்கம் கண்ணில் படாது. மயக்கத்தில் மூச்சுக்காகப் போட்ட டியூப் தொண்டையில் இருக்கும்வரை மூச்சும் சீராகவே ஓடும். எடுத்த பிறகுதான் திணறல் தொடங்கும். அப்போது மறுபடி டியூப் போடுவது கடினம்.

திரையில் காட்சி மங்கியதும் "பம்பைக் கூட்டு" என்பதுதான் அறுவை மருத்துவரின் வாயில் முதலில் வரும். அதற்கு முன் இரத்த அழுத்தம் எவ்வளவு என்று மயக்க மருந்து நிபுணரிடம் கேட்பது நல்லது. சிஸ்டாலிக் அழுத்தத்துக்கும் (இரத்த அழுத்தத்தின் மேல் எண்) பம்ப் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் 50 மி.மீ.க்குள் இருந்தால் கசிவு பெரிதும் அடங்கும். ஆனால் நோயாளியை உட்கார்த்தி வைத்துச் செய்யும்போது மூளை மட்டத்து அழுத்தம் கைப்பட்டையில் காட்டுவதைவிடக் குறைவு. இரத்த அழுத்தத்தை இஷ்டத்துக்கு இறக்கக் கூடாது. கருவி இல்லாத துளையில் நீர் பீறிட்டால் அந்தச் சுழற்சியே இரத்தத்தை உள்ளே இழுக்கும். விரலால் அடைத்தாலே பல நேரம் காட்சி தெளிந்துவிடும்.

வேலை 2 மணி நேரத்தைத் தாண்டினால், போன பைகளையும் திரும்பி வந்த நீரையும் கணக்கிட்டு, அறுவைக் குழு துணிக்கடியில் கை விட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கழுத்துச் சுற்றளவைத் தொடக்கத்திலேயே அளந்து வைத்திருந்தால் முடிவில் ஒப்பிடலாம். இறுக்கமாக இருந்தால் டியூபை அவசரப்பட்டு எடுக்காமல், தலைப்பக்கத்தை உயர்த்தி, டியூபைச் சுற்றியுள்ள கஃப் என்ற சிறு பலூனின் காற்றை இறக்கி, டியூபின் ஓரமாகக் காற்று கசியும் ஒலி கேட்கிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். சலைன் சில்லென்று இருந்தால் உடல் வெப்பமும் இறங்கும்.

வலி தெரியாமலிருக்கக் கழுத்தில் ஊசி மூலம் போடும் நரம்பு பிளாக் (நரம்பை மரத்துப்போகச் செய்வது), அதே பக்கத்து உதரவிதானத்தைச் சில மணி நேரம் செயலிழக்கச் செய்யும். லேசான மூச்சிரைப்பு அதனாலும் வரலாம் என்பதால், வீட்டார் எல்லாம் பிளாக்கால்தான் என்று இருந்துவிடக் கூடாது. அன்று மாலையே அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி ஊர் போகிறவர்கள் கிளம்பும் முன் கழுத்தை ஒருமுறை காட்டிவிட்டுப் போகட்டும். விழுங்க முடியாமை, கழுத்து இறுகுதல், மூச்சில் கீச்சொலி, படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவற்றில் எது வந்தாலும், விடியட்டும் என்று இருக்காமல் அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குப் போய், "தோளில் ஆர்த்ராஸ்கோப்பி, கழுத்து வீங்குகிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள்.